இரண்டு மணிக்காரி

எங்கள் தீவில் மரமில்லை.
புல், பாறை, ஆடு, மறுபடி புல்.
நட்டதையெல்லாம் காற்று பிடுங்கிக்கொண்டு
கடலுக்குப் போய்விடும்.

ஆனால் என் கல்லீரலில் ஒரு மரம் இருக்கிறதாம்.
கோபன்ஹேகனிலிருந்து வந்த மருத்துவர்
ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினார்:
சர்க்கரையோடு சர்க்கரை கோத்த கிளை,
கிளையிலிருந்து கிளை.
எல்லோருக்கும் உண்டு இது.
பசிக்கும்போது உடம்பு வெட்டித் தின்னும்.
இவளுக்கு நுனியை நறுக்க வரும்,
கவட்டைவரை வந்ததும் நின்றுவிடும்.
அங்கே வெட்டுகிற அரிவாள்
பிறவியிலேயே மொக்கை.

அப்பாவிடம் ஒன்று கூர், ஒன்று மொக்கை.
அம்மாவிடமும் அப்படியே.
எனக்கு வாய்த்தவை இரண்டும் மொக்கை.
"யார் தப்பும் இல்லை" என்றார் மருத்துவர்.
அதற்குப் பிறகும் அம்மா
மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை.

மருந்து என்று பெரிதாக எதுவுமில்லை.
சோளமாவு.
குழம்பு கெட்டியாக மற்றவர்கள் வாங்குவது.
பச்சையாக, குளிர்ந்த தண்ணீரில்.
வெந்நீர் ஆகாது, வெந்த மாவு அவசரக்காரி,
விடியும்முன் தீர்ந்துபோவாள்.
பத்து மணிக்கு ஒரு டம்ளர்,
இரண்டு மணிக்கு ஒன்று,
ஆறுக்கு ஒன்று.
சுவரை நக்கிய ருசி.
பல்லிடுக்கில் கீச்சிடும்,
புதுப்பனியை மிதித்தாற்போல.

ஒன்பது வயதில் பள்ளியிலிருந்து
தோர்ஷாவ்னுக்கு மரம் பார்க்கப் போனோம்.
கல்சுவர் கட்டி, காற்றுக்கு ஒளித்து வளர்த்த மரங்கள்.
மற்றவர்கள் ஓடினார்கள், ஏறினார்கள்.
எனக்குத் தொடை வலித்தது, கீழேயே நின்றேன்.
ஒரு மரம் இரண்டாகப் பிரிகிற இடத்தில்
கையை வைத்துப் பார்த்தேன்.
ஈரமாக இருந்தது.
இங்கேதானா என்று கேட்டேன்.
டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்பா கிரீன்லாந்துக் கடலில் இருந்த குளிர்காலம்.
அம்மாவுக்குக் காய்ச்சல்.
அலாரம் அடித்து அடித்து ஓய்ந்தது.
என்னை உலுக்கி எழுப்பியவன் அண்ணன் யால்கிரிம்.
பன்னிரண்டு வயது.
வீடே உன் கடிகாரத்தில் ஓடுது மகாராணி
என்று அன்று மாலைகூடக் கரித்துக்கொட்டியவன்.
தன்மேல் நம்பிக்கையில்லாமல்
மாவை இரண்டு தடவை எடை போட்டிருந்தான்.
பாதி பாயில் கொட்டியது, மறுபடி கலக்கினான்.
நான் குடித்து முடிக்கும்வரை
டம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
என் விரலைக் குத்தி, எண்ணைப் பார்த்து,
நோட்டில் எழுதினான், தேதியைத் தப்பாக.
காலையில் பள்ளியில் தூங்கி வழிந்து
திட்டு வாங்கினான்.
ஏன் தூங்கினான் என்று சொல்லவில்லை.

இருபத்திரண்டில் கிளாக்ஸ்விக்கில் வேலை தேடினேன்.
ரொட்டிக்கடை முதலாளி பெர்க்லெய்வ் கேட்டார்:
"இங்கே யாரும் ஒரு மாதம் தாண்டுவதில்லை.
இரவு இரண்டு மணிக்கு உன்னால் எழ முடியுமா?"

சிரிப்பை அடக்கவே முடியவில்லை.
பாவம், மனிதர் பயந்துவிட்டார்.

எட்டு வருஷமாகிறது.
மூட்டை தூக்க மாட்டேன், முதல் நாளே சொல்லிவிட்டேன்.
படியேறும்போது கைப்பிடி வேண்டும்.
பிசைவது இயந்திரம்.
எடை என் பொறுப்பு.
மாவோ உப்போ ஈஸ்ட்டோ
கரண்டியில் அள்ளும்போதே கிராம் தெரியும்,
தராசு பிறகு ஆமோதிக்கும்.
மழையோடு முதல் படகுக்குப் போகிறவர்கள்
ரொட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்,
குளிருக்கு.

அடுப்பு மூட்டுவதற்கு முன் என் டம்ளர்.
அடியில் படிந்ததை விரலால் கலக்கி
அதையும் குடித்துவிடுவேன்.
அப்போது போன் அடிக்கும்.
ஐஸ்லாந்துக்குத் தெற்கே எங்கேயோ
ஒரு மீன்பிடிக் கப்பலிலிருந்து.

"குடிச்சியா?"
"ஆச்சு."
"நம்பர்?"
"நல்ல நம்பர். நீ ஏன் முழிச்சிருக்கே?"
"தெரியலை. முழிப்பு வந்துடுது."
பின்னால் இயந்திரத்தின் இரைச்சல்.
வைத்துவிடுவான்.

அவனுக்கு ஒரு வியாதியும் கிடையாது.